கவாய்த் தீவின் மூன்றில் ஒரு பங்கு: எம்மி வெர்னரும் இளையோரின் மீள்திறனும்

வறுமையிலும் குடும்பச் சண்டையிலும் பிறந்து வளரும் குழந்தைகள் பின்னாளில் என்ன ஆகிறார்கள் என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உளவியலாளர்கள் பெரும்பாலும் பின்னோக்கிப் பார்த்தே விடை தேடினார்கள். சிறையில் இருப்பவர்கள், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள் ஆகியோரின் குழந்தைப் பருவம் ஆராயப்பட்டது. அங்கே குடிப்பழக்கமுள்ள தந்தையோ, மனநோயுற்ற தாயோ, பசியோ, அடி உதையோ இருந்ததாகத் தெரியவந்தது. ஆகவே அந்தக் குழந்தைப் பருவமே இந்த முடிவுக்குக் காரணம் என்று எழுதப்பட்டது. அதே போன்ற வீடுகளில் வளர்ந்தும் சிறைக்கோ மருத்துவமனைக்கோ போகாதவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த முறையால் ஒருபோதும் கண்டறிய முடியாது, ஏனென்றால் ஆய்வாளர் தேடும் இடங்களில் அவர்கள் இருப்பதே இல்லை. குழந்தைகள் பிறக்கும்போதே கணக்கெடுத்து, அவர்கள் யாராக வளர்ந்தாலும் விடாமல் பின்தொடர்ந்தால் மட்டுமே அவர்கள் கண்ணில் படுவார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் தேவை. ஒரே ஆய்வில் தன் பணிக்காலம் முழுவதையும் செலவிட ஆயத்தமான ஆய்வாளரும் தேவை.

எம்மி வெர்னர் அப்படிப்பட்ட ஆய்வாளர். 1929இல் ஜெர்மனியின் ரைன் நதிக்கரை ஊரான எல்ட்வில்லில் பிறந்த அவருக்குப் போர் தொடங்கியபோது வயது 10. அது முடிந்தபோது 16 நிறையும் தறுவாயில் இருந்தார். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குச் சென்று, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1955இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மனித வளர்ச்சித் துறைப் பேராசிரியராகி, ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். 2017இல் காலமானார். பிற்காலத்தில் அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரையும் இரண்டாம் உலகப் போரையும் நேரில் கண்ட சிறுவர்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் திரட்டித் தனி நூல்களாக எழுதியதைப் பார்க்கும்போது, குழந்தைகள் பேரழிவை எப்படிக் கடந்து வருகிறார்கள் என்ற கேள்வி அவருக்குப் பல்கலைக்கழகத்தில் மட்டும் முளைத்தது என்று சொல்லத் தோன்றவில்லை. ஆயினும் அவருடைய பெயர் நிலைத்திருப்பது ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்கில் உள்ள கவாய் என்ற சிறு தீவில் நடந்த ஆய்வினால்தான்.

அந்த ஆய்வு மீள்திறனை, அதாவது கடும் இடர்களிலிருந்து மீண்டெழும் ஆற்றலை, பற்றியதாகத் தொடங்கவில்லை. 1950களின் நடுவில், ஹவாய் இன்னும் அமெரிக்காவின் மாநிலமாகாத காலத்தில், ஒரு தீவின் எல்லாக் கர்ப்பங்களையும் பதிவு செய்து, பேறுகாலச் சிக்கல்கள் குழந்தையின் வளர்ச்சியை எந்த அளவுக்குப் பாதிக்கின்றன என்று அறிய மருத்துவர்களும் பொதுச் சுகாதார நிபுணர்களும் திட்டமிட்டனர். குழந்தை மருத்துவரும் பொதுச் சுகாதார அறிஞருமான ஜெஸ்ஸி பீர்மன் அதன் தொடக்கக் காலத் தலைவர்களில் ஒருவர். கவாய் இதற்கு ஏற்ற இடமாக இருந்தது. கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் வேலை செய்ய வந்த ஜப்பானியர், பிலிப்பினோக்கள், போர்த்துகீசியர் ஆகியோரின் வழித்தோன்றல்களும் ஹவாய்ப் பூர்வகுடியினரும் கலந்து வாழ்ந்த அந்தத் தீவில் மருத்துவ வசதி ஓரளவு எல்லோருக்கும் கிடைத்தது. மக்கள் அதிகம் இடம்பெயரவில்லை. தீவின் பொதுச் சுகாதாரச் செவிலியர்களுக்கு வீடுவீடாகக் குடும்பங்களைத் தெரிந்திருந்தது. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகள் ஆய்வுக் குழுவாயினர். பிறப்புக்கு முன்பிருந்தே தொடங்கிய பதிவுகள், 1, 2, 10, 18, 32, 40 ஆகிய வயதுகளில் தொடர்ந்தன. கவாயிலேயே பணிபுரிந்த மருத்துவ உளவியலாளர் ரூத் ஸ்மித் வெர்னருடன் சேர்ந்து பிற்காலக் கட்டங்களை நடத்தினார். அவருக்கு அந்தத் தீவு மக்களோடு இருந்த பழக்கம் இல்லாமல் இத்தனை பேரை இத்தனை ஆண்டுகள் கழித்தும் தேடிப் பிடித்திருக்க முடியாது. நாற்பதாவது வயதில் கூட, உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோரை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து விட்டார்கள் என்பது இத்துறையில் அரிதான செய்தி.

முதல் பத்தாண்டு முடிவுகளே மருத்துவர்களின் எதிர்பார்ப்பைப் புரட்டிப் போட்டன. பிறப்பின்போது மூச்சுத்திணறலோ, குறைப்பிரசவமோ, வேறு கடுமையான சிக்கலோ நேர்ந்த குழந்தைகளில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலரைத் தவிர, மற்றவர்களின் வளர்ச்சியைத் தீர்மானித்தது அவர்கள் வளர்ந்த வீடே. நிலையான, கவனிப்புள்ள வீட்டில் அந்தச் சிக்கல்களின் தடம் ஆண்டுக்கு ஆண்டு மங்கியது. வறுமையும் சச்சரவும் நிறைந்த வீட்டில் அதே சிக்கல் பெருகி வெளிப்பட்டது. பத்து வயதில் பேறுகாலச் சிக்கலால் பின்தங்கியிருந்த குழந்தைகளைக் காட்டிலும், மோசமான வளர்ப்புச் சூழலால் பின்தங்கியிருந்த குழந்தைகள் பத்து மடங்கு அதிகம் என்று 1971இல் வெளியான முதல் நூலில் வெர்னரும் பீர்மனும் உடன் ஆய்வாளரான ஃபெர்ன் ஃபிரெஞ்சும் எழுதினார்கள். மருத்துவ ஆய்வாகத் தொடங்கிய ஒன்று அந்த இடத்தில் வளர்ச்சி உளவியல் ஆய்வாகவும் கல்வி ஆய்வாகவும் மாறியது.

இதன்பிறகு வெர்னர் செய்ததுதான் அவருடைய முதன்மையான பங்களிப்பு. ஆய்வுக் குழுவில் ஏறத்தாழ 200 பேர் மிக அதிக இடருக்குள்ளானவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தார்கள். இரண்டு வயதுக்குள்ளேயே நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இடர்க்காரணிகள் அவர்கள் வாழ்வில் குவிந்திருந்தன: தொடர் வறுமை, பேறுகாலச் சிக்கல், பெற்றோரின் ஓயாத பூசல் அல்லது பிரிவு, தந்தையின் அல்லது தாயின் குடிப்பழக்கம், மனநோய், எட்டாம் வகுப்பைத் தாண்டாத தாயின் கல்வி. எதிர்பார்த்தபடியே அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்து வயதுக்குள் கடுமையான கற்றல் அல்லது நடத்தைச் சிக்கலுக்கு உள்ளானார்கள், அல்லது 18 வயதுக்குள் சட்ட மீறல், மனநலக் கோளாறு, வளரிளம் பருவக் கர்ப்பம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தார்கள். வேறு எந்த ஆய்வாளரும் அத்தோடு நிறுத்தி, இடர் எப்படிச் சீரழிவுக்கு வழிவகுக்கிறது என்று எழுதியிருப்பார். வெர்னர் எஞ்சிய 72 பேரைத் திரும்பிப் பார்த்தார். 42 பெண்களும் 30 ஆண்களுமாக இருந்த அவர்கள் எந்தச் சிக்கலுக்கும் ஆளாகாமல், படித்து, வேலை பார்த்து, பிறரிடம் அக்கறை கொண்டவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி ஸ்மித்துடன் சேர்ந்து அவர் 1982இல் வெளியிட்ட நூல், மீள்திறன் ஆய்வின் தொடக்ககால ஆவணங்களில் ஒன்று.

அந்த 72 பேர் எந்த வகையில் வேறுபட்டிருந்தார்கள் என்ற கேள்விக்குப் பதிவேடுகளில் கிடைத்த விடை மூன்று தளங்களில் பரவியிருந்தது. முதலாவது குழந்தையின் இயல்பு. ஒரு வயதிலேயே தாய்மார்கள் அவர்களைச் சுறுசுறுப்பானவர்கள், பாசமானவர்கள், எளிதில் சமாளிக்கத் தக்கவர்கள் என்று விவரித்திருந்தார்கள். தூக்கத்திலும் உணவிலும் தொல்லை குறைவு. இரண்டு வயதில் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் திறனும், தேவைப்பட்டால் உதவி கேட்கும் பழக்கமும் அவர்களிடம் சேர்ந்தே இருந்தன. பத்து வயதில் வாசிப்பிலும் நடைமுறைச் சிக்கல்களைத் தீர்ப்பதிலும் மற்றவர்களை விட முன்னே இருந்தார்கள். அதற்காக அவர்கள் அசாதாரணத் திறமைசாலிகள் அல்லர். இருக்கிற திறமையைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் என்பதே வெர்னரின் கணிப்பு. ஏதாவதொரு பொழுதுபோக்கோ கலையோ அவர்களுக்குப் பெருமை தந்தது; வீட்டில் எல்லாம் சிதைந்தபோது ஒதுங்கிக்கொள்ள அது இடமளித்தது.

இரண்டாவது தளம் குடும்பம். பெற்றோர் இருவரும் கைவிட்ட நிலையிலும், இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் குழந்தைப் பருவத்தில் தன்னை முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தார். பாட்டியோ தாத்தாவோ, அத்தையோ மாமனோ, மூத்த சகோதரியோ அந்த இடத்தை நிரப்பினார்கள். முதல் ஆண்டில் முதன்மைப் பராமரிப்பாளரிடமிருந்து நீண்ட பிரிவு இந்தக் குழந்தைகளில் மிகச் சிலருக்கே நேர்ந்தது. நான்கோ அதற்குக் குறைவாகவோ பிள்ளைகள் உள்ள குடும்பமும், அடுத்த குழந்தைக்கு இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியும் அவர்களிடையே அதிகம் காணப்பட்டன. இது உளவியல் நுட்பம் எதுவும் தேவைப்படாத, ஒரு பெரியவரின் கவனம் எத்தனை பேருக்குப் பங்கிடப்படுகிறது என்ற எளிய கணக்கு. மீண்டெழுந்த ஆண்களின் வீடுகளில் ஒழுங்கும் விதிகளும், முன்மாதிரியான ஓர் ஆணும், உணர்ச்சிகளை வெளிப்படுத்துவதற்கான இடமும் இருந்தன. பெண்களுக்கோ தன்னிச்சையாக இயங்குவதற்கான ஊக்கமும் நம்பத்தக்க ஒரு பெண்ணின் ஆதரவும் துணைநின்றன. தாய் தொடர்ந்து வேலைக்குப் போனது மகள்களுக்கு வலுச்சேர்த்தது என்ற அவதானிப்பு, 1980களின் அமெரிக்காவில் வேலைக்குப் போகும் தாய்மாரைக் குறைசொன்னவர்களுக்கு உவப்பாக இருந்திருக்காது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது, நோயுற்ற பெற்றோருக்காக வீட்டை நிர்வகிப்பது போன்ற பொறுப்புகளையும் இவர்களில் பலர் சுமந்திருந்தார்கள். தன்னால் பிறருக்குப் பயன் உண்டு என்ற உணர்வு அதிலிருந்து வந்தது.

மூன்றாவது தளமான ஊரும் பள்ளியும் கல்வித் துறையினருக்கு மிக நெருக்கமானது. பள்ளி நாட்களைப் பற்றி நினைவுகூரும்போது இந்த இளைஞர்கள் தமக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைக் குறிப்பிட்டார்கள். அவர் பாடம் நடத்தியவர் மட்டுமன்று, தம்மோடு பேசியவர், தம்மைப் பின்பற்றத் தூண்டியவர் என்று சொன்னார்கள். தேவாலயக் குழுக்களும் இளைஞர் அமைப்புகளும் அயல்வீட்டுப் பெரியவர்களும் அதே வேலையைச் செய்தார்கள். உயர்நிலைப் பள்ளியை முடிக்கும்போது, தன் வாழ்வைத் தன்னால் ஓரளவு நடத்த முடியும் என்ற நம்பிக்கை அவர்களிடம் உறுதிப்பட்டிருந்தது. இந்த நம்பிக்கை பிறவியில் வந்த குணமாகத் தோன்றலாம். ஆனால் பதிவேடுகளை ஆண்டு வரிசையில் படிக்கும்போது வேறொரு தொடர் தெரிகிறது: இனிய இயல்புள்ள குழந்தை பெரியவர்களின் கவனத்தை எளிதில் ஈர்த்தது, அந்தக் கவனம் படிப்பில் துணைநின்றது, படிப்பில் கிடைத்த வெற்றி தன்னம்பிக்கையைத் தந்தது, தன்னம்பிக்கை அடுத்த சூழலைத் தேர்ந்தெடுக்க உதவியது. குழந்தைக்குள் இருந்ததும் வெளியிலிருந்து வந்ததும் ஒவ்வொரு வயதிலும் ஒன்றையொன்று வளர்த்தன. இவற்றைப் பிரித்து, முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீள்திறனைக் குணநலனாக வர்ணிப்பவர்கள் வெர்னரின் ஆய்வைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

மீண்டெழுந்தவர்கள் அதற்கு விலை கொடுக்காமலும் இல்லை. 32 வயதில் சந்தித்தபோது அவர்களில் சில ஆண்கள் நீண்டகால உறவுகளில் இறங்கத் தயங்கினார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய உடல் உபாதைகளும் சிலரிடம் காணப்பட்டன. பலர் தம் பெற்றோரின், உடன்பிறந்தோரின் சிக்கல்களிலிருந்து உணர்வளவில் விலகி நின்றே தம் வாழ்வை அமைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பதாவது வயதில் அவர்களில் ஒருவர் கூட வேலையின்றியோ, சட்டத்தின் பிடியிலோ, அரசு உதவித் தொகையை நம்பியோ இருக்கவில்லை என்பது மெய்யான சாதனைதான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1992 செப்டம்பர் 11இல், இனிக்கி என்ற பெரும் சூறாவளி கவாயை நேரடியாகத் தாக்கி வீடுகளையும் வேலைகளையும் அழித்திருந்ததையும் நினைவில் வைத்துப் பார்த்தால் அந்தச் சாதனை இன்னும் பெரிதாகத் தெரியும். ஆனால் வெளிப்புற வெற்றியை மட்டும் அளவுகோலாக வைத்தால் உள்ளே நடந்தது கணக்கில் வராது என்பதை வெர்னரே சுட்டிக்காட்டியிருந்தார். பின்னாளில், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் சுனியா லூதர் இதே கேள்வியை மேலும் கூர்மையாக்கினார்: பள்ளியில் நன்றாகப் படிக்கும் இடர்மிகு சூழல் மாணவர்களிடமும் மனச்சோர்வும் பதற்றமும் மறைந்திருக்கக் கூடும் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. ஒரு துறையில் மீள்திறன் இருப்பதை எல்லாத் துறையிலும் இருப்பதாகக் கொள்ளலாகாது என்ற எச்சரிக்கை அதிலிருந்துதான் இத்துறையின் பொதுவிதியாயிற்று.

கவாய் ஆய்வைக் குறிப்பிடுவோர் பெரும்பாலும் 72 என்ற எண்ணோடு நின்று விடுகிறார்கள். என் பார்வையில் அதைவிடக் கனமான கண்டுபிடிப்பு, 1992இலும் 2001இலும் வெளியான நூல்களில்தான் இருக்கிறது: 18 வயதில் தோல்வியுற்றவர்கள் என்று எழுதப்பட்ட அந்த மூன்றில் இரண்டு பங்கினரில் பெரும்பாலோரும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மீண்டிருந்தார்கள். சட்ட மீறலில் ஈடுபட்ட சிறுவர்களில் பெரும்பகுதியினர் குற்றவாளிகளாகத் தொடரவில்லை; வயதுவந்த பின் நடந்த குற்றங்களில் பெரும்பாலானவை ஒரு சிறு குழுவினருடையவை. பதின்பருவத்தில் தாயான பெண்களில் பெரும்பாலோர், குறிப்பாகப் படிப்பைத் தொடர்ந்தவர்கள், பின்னாளில் நிலையான வாழ்க்கைக்குத் திரும்பியிருந்தார்கள். மீட்சியில் பெண்கள் ஆண்களை விட முந்தினார்கள்.

இந்தத் திருப்பங்களுக்குக் காரணமாக அமைந்தவற்றை வெர்னரும் ஸ்மித்தும் இரண்டாம் வாய்ப்புகள் என்று கருதினார்கள். சமுதாயக் கல்லூரியிலோ முதியோர் கல்வி வகுப்பிலோ மீண்டும் படிக்கத் தொடங்கியது, இராணுவத்தில் சேர்ந்து தொழில்திறன் கற்றது, நிலையான துணையை மணந்தது, ஒரு சமயக் குழுவில் இணைந்தது, உயிருக்கு ஆபத்தான நோயிலிருந்தோ விபத்திலிருந்தோ தப்பியது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. முறையான உளசிகிச்சையின் பங்கு ஒப்பீட்டளவில் சிறியது. அது பயனற்றது என்பதால் அன்று, மிகச் சிலரே அதை நாடினார்கள் என்பதால். இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலானவை தனிமனித உறுதியால் மட்டும் கிட்டாதவை என்பதாகும். பள்ளியை இடையில் விட்ட 25 வயதுப் பெண் திரும்பவும் படிக்க முடிவு செய்யலாம். ஆனால் அவளைச் சேர்த்துக்கொள்ளக் குறைந்த கட்டணத்தில் ஒரு கல்லூரி அவள் வாழும் தீவிலேயே இருந்தாக வேண்டும். கவாயில் அது இருந்தது. அப்படி இல்லாத ஊரில் இதே ஆய்வு நடந்திருந்தால், அந்தப் பெண் மீள்திறன் அற்றவள் என்று பதிவாகியிருப்பாள்.

கல்வி எந்த வழியாக இந்த விளைவைத் தருகிறது என்பதை இங்கிலாந்தில் மைக்கேல் ரட்டரும் டேவிட் குவின்டனும் 1980களில் வெளியிட்ட வேறோர் ஆய்வு துலக்கியது. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்த சிறுமிகளை அவர்கள் தாய்மாராகும் வயதுவரை பின்தொடர்ந்தபோது, பள்ளியில் நல்ல அனுபவங்களைப் பெற்ற பெண்கள் திருமணத்தையும் வேலையையும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும், அதனால் ஆதரவான துணை அமைய அவர்களுக்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது என்றும், அத்தகைய துணை அமைந்தவர்கள் நல்ல தாய்மாராக விளங்கினார்கள் என்றும் தெரியவந்தது. சாதாரணக் குடும்பங்களில் வளர்ந்த ஒப்பீட்டுக் குழுவில் நல்ல பள்ளி அனுபவத்துக்கு இந்தத் தனித்த விளைவு காணப்படவில்லை. தம் செயலால் பயன் விளையும் என்ற உணர்வை அவர்கள் ஏற்கெனவே வீட்டிலேயே பெற்றிருந்ததால், பள்ளி அதை மறுபடி தர வேண்டியிருக்கவில்லை. வேறு எங்கும் கிடைக்காத பிள்ளைக்குத்தான் அது விதியை மாற்றும் அளவுக்கு எடை பெறுகிறது. அந்த நல்ல அனுபவம் மதிப்பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விளையாட்டு, இசை, ஒரு பொறுப்பு என எதுவாகவும் இருந்தது.

மீள்திறன் ஆய்வின் மற்றொரு ஊற்று மின்னசோட்டா பல்கலைக்கழகம். அங்கே நார்மன் கார்மெசி முதலில் மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்தவர். நோய் வருவதற்கு முன் ஓரளவு நன்றாக வாழ்ந்தவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்று கண்ட அவர், நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளிடமும் பின்னர் மினியாபொலிஸ் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடமும் திறன் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு நகர்ந்தார். அவருடைய மாணவியும் உடன் ஆய்வாளருமான ஆன் மாஸ்டன், மீண்டெழும் பிள்ளைகளிடம் அபூர்வமான எதுவும் இல்லை என்றும், பற்றுள்ள உறவு, கற்கும் மூளை, தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றல், இயங்குகிற பள்ளி, நம்பிக்கை தரும் சமூகம் போன்ற வழக்கமான அமைப்புகள் சேதமின்றி இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் மீண்டு வருவார்கள் என்றும் 2001இல் வாதிட்டார். 1970களில் பத்திரிகைகள் எதற்கும் அசையாத குழந்தைகளைப் பற்றி வியந்து எழுதியதற்கு இது நேர் எதிரானது. அமைப்புகள் சிதைந்தால் எந்தக் குழந்தையும் அசையும்.

இருந்தும் பள்ளிகளில் மீள்திறன் என்ற பெயரில் பரவிய திட்டங்களில் பெரும்பாலானவை குழந்தையின் மனத்தைப் பயிற்றுவிப்பதையே இலக்காகக் கொண்டன. இதற்கான காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே: வாரம் ஒரு வகுப்பு நடத்துவது, ஆசிரியர்–மாணவர் விகிதத்தை மாற்றுவதை விட மலிவானது. இத்தகைய பயிற்சிகளின் பலன் பெரும்பாலும் சிறிதாகவே இருந்திருக்கிறது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நிகழ்கணத்தில் கவனத்தை நிறுத்தப் பழக்கும் மனமுழுமைப் பயிற்சியைச் (மைண்ட்ஃபுல்னெஸ்) சோதித்து 2022இல் முடிவுகள் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அந்தப் பயிற்சி பள்ளிகள் வழக்கமாக அளித்துவந்த சமூக–உணர்வுக் கல்வியை விட மேலான பலன் எதையும் தரவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஆண்ட்ரூ மார்ட்டின், அன்றாடப் படிப்பில் வரும் சிறு தோல்விகளைத் தாங்கும் ஆற்றலையும் பெரும் இடர்களிலிருந்து மீளும் ஆற்றலையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். பயனுள்ள வேறுபாடு இது. தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவனுக்குப் படிப்பு உத்திகளைச் சொல்லித் தரலாம். வீட்டில் அடிபடும் மாணவனிடம் அதையே சொல்லித் தருவது அவனுடைய நிலைமைக்கு அவனையே பொறுப்பாக்குவதாகும்.

வெர்னரின் ஆய்வுக்கு எல்லைகள் உண்டு. ஒரே தீவு, ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், 72 என்ற சிறிய எண்ணிக்கை ஆகியவை வெளிப்படையானவை. எது வெற்றி என்ற வரையறையும் 1970களின் அமெரிக்க நடுத்தர வர்க்க அளவுகோலைச் சார்ந்திருந்தது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் அங்கர் இந்த இடத்தில்தான் குறுக்கிட்டார். பல நாடுகளில் இளைஞர்களிடம் பேசித் திரட்டிய சான்றுகளைக் கொண்டு, ஓர் இளைஞன் தனக்கு வேண்டிய வளங்களை நோக்கிச் செல்வதும், அந்த வளங்கள் தன் பண்பாட்டுக்குப் பொருந்தும் வடிவில் கிடைக்கப் போராடுவதும் சேர்ந்ததே மீள்திறன் என்று அவர் வரையறுத்தார். அவருடன் இணைந்து பணியாற்றிய தென்னாப்பிரிக்கக் கல்வி உளவியலாளரும் பிரிட்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியருமான லிண்டா தெரோன், இதை ஆப்பிரிக்கச் சூழலில் சோதித்தார். அங்கே விரிந்த உறவுமுறைக் குடும்பமும், மூத்தோருக்கான கடமையும், முன்னோர் மீதான நம்பிக்கையும் இளைஞர்களைத் தாங்குவதை அவர் ஆவணப்படுத்தினார். தென்னாப்பிரிக்காவின் செகுண்டா பகுதியிலும் கனடாவின் டிரேட்டன் வேலியிலும் எரிபொருள் தொழில்களை நம்பி வாழும் ஊர்களின் இளைஞர்களை ஒப்பிட்ட ஆய்வில் இருவரும் பங்கேற்றார்கள். தந்தையும் தாயும் இல்லாத வீட்டில் பாட்டி ஒருத்தியின் இடத்தை கவாயில் வெர்னர் ஒரு காப்புக் காரணியாகப் பதிவு செய்திருந்தார். தெரோனின் எழுத்துகளில் அந்த உறவு ஒரு முழுமையான வாழ்க்கை முறையின் பகுதியாக விளங்குகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு குறை, கவாய் ஆய்வு அவதானிப்பை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது என்பது. அன்பான பெரியவர் இருந்ததால் பிள்ளை மீண்டதா, அல்லது இனிய இயல்புள்ள பிள்ளை அன்பான பெரியவரை ஈர்த்ததா என்பதை அந்தத் தரவுகளால் முழுதாகப் பிரிக்க இயலாது. பிரிக்க வேண்டுமானால் எந்தப் பிள்ளைக்கு எந்தச் சூழல் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும்; சாதாரண நிலையில் எந்த ஆய்வாளருக்கும் அந்த அனுமதி கிடைக்காது. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்த பின், நெரிசலான அரசு இல்லங்களில் கைவிடப்பட்ட குழந்தைகளின் நிலை வெளியுலகுக்குத் தெரியவந்தது. அப்போது அங்கே வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு ஏறத்தாழ இல்லை. 2000களின் தொடக்கத்தில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸியானா ஆகியோர் புக்கரெஸ்ட் நகரில் அத்தகைய குடும்பங்களைத் தாமே தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்து, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் அவற்றுக்கு அனுப்பினார்கள். மற்ற பாதிப் பேருக்கு வழக்கமான ஏற்பாடே தொடர்ந்தது. அவர்களில் யாருக்காவது குடும்பம் கிடைத்தால் ஆய்வு தடுக்காது என்பது நிபந்தனை.

இனிய இயல்புள்ள குழந்தை தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை. குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண்களும் பராமரிப்பாளரிடம் கொண்ட பற்றும் இல்லங்களுக்கு விதிக்கப்பட்டவர்களை விடத் தெளிவாக உயர்ந்தன. இரண்டு வயதுக்கு முன் சென்றவர்களிடம் அந்த உயர்வு அதிகம். கவனக்குறைவு, திட்டமிடும் ஆற்றல் ஆகியவற்றில் மீட்சி அந்த அளவுக்கு நிகழவில்லை. ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர, ரட்டர் தொடங்கிய ஆய்வும் இதையொத்த சித்திரத்தைத் தருகிறது: ஆறு மாதத்துக்கு மேல் இல்லங்களில் இருந்தவர்களிடம் கவனச் சிக்கல்களும் சமூக உறவுச் சிக்கல்களும் இளமைப் பருவம் வரை நீடித்தன, ஆனால் தொடக்கத்தில் காணப்பட்ட அறிவுத்திறன் குறைபாடு இருபதுகளை எட்டும்போது பெருமளவு மறைந்திருந்தது, அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்த வயதிலும் மனநலச் சிக்கலுக்கு ஆளாகவே இல்லை. புக்கரெஸ்ட் ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, 2004இல், கடுமையான ஊனமுற்றவர்களைத் தவிர இரண்டு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் அரசு இல்லத்தில் சேர்க்கக் கூடாது என்று ருமேனியா சட்டம் இயற்றியது.